நண்டு வர்றதுக்கு முன்னாடியே வாயத் தொறந்துடணும்: சிங்கப்பூர் சைனீஸ் சீஃபுட் கடையில பட்டதும் படிச்சதும்

எங்க ஊரு நாகப்பட்டினம் பக்கம். மீன் விஷயத்துல எங்களுக்கு எவனும் பாடம் எடுக்க முடியாதுன்னு வீட்ல எல்லாருக்குமே ஒரு திமிரு உண்டு, அதுலயும் அப்பா மார்க்கெட்டுக்குப் போனா செவுளத் தூக்கிப் பாத்துட்டு இது இன்னிக்குக் கரைக்கு வந்ததா நேத்து ஐஸ்ல கெடந்ததான்னு சொல்லிடுவாரு. அந்தத் திமிரோடதான் 2024 மே மாசம் அப்பா, அம்மா, அத்தை, அக்கா, அத்தான்னு எல்லாரும் சிங்கப்பூர் வந்தப்ப, நான், என் வீட்டுக்காரி, ரெண்டு பசங்கன்னு மொத்தம் ஒம்பது பேரு கெளம்பி ஒரு சைனீஸ் சீஃபுட் ரெஸ்டாரண்ட்டுக்குப் போனோம். நான் இங்க வந்து ஆறு வருஷம் ஆச்சு, ஆனா உண்மையச் சொல்லணும்னா அதுவரைக்கும் அந்த மாதிரி கடையில நானா உக்காந்து ஆர்டர் பண்ணுனதே இல்ல. ஆபீஸ் டின்னர்ல யாராவது ஆர்டர் பண்ணுவாங்க, வர்றதச் சாப்பிட்டுட்டு வந்துடுவேன். அது வேற, ஒம்பது பேர வச்சுக்கிட்டு மெனுவக் கையில வாங்குறது வேற, அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

கடை பேரு வேண்டாம். கடற்கரையப் பாத்த மாதிரி பெரிய கடை, வாசல்லயே கண்ணாடித் தொட்டி, தொட்டிக்குள்ள நண்டு, இறால், களவா, பேரு தெரியாத ஒரு மீனு. பசங்க ரெண்டும் தொட்டியில மூக்க ஒட்டிக்கிட்டு நின்னுடுச்சுங்க. நடுவுல சுத்துற தட்டு வச்ச பெரிய வட்ட மேசை குடுத்தாங்க. உக்காந்த ரெண்டாவது நிமிஷம் வேர்க்கடலை ரெண்டு தட்டு, பாக்கெட்ல ஈர டவல் ஆளுக்கு ஒண்ணு, ஒரு பெரிய ஜாடியில டீ வந்துடுச்சு. அம்மா "பாரேன் எவ்ளோ மரியாதை"ன்னாங்க. நானும் சந்தோஷமா தலையாட்டுனேன். அது எல்லாத்துக்கும் பில்லுல தனித்தனியா காசு போடுவாங்கன்னு அப்ப தெரியல. இங்க நெறைய கடையில இது சகஜம், ஏமாத்து வேலைன்னு சொல்ல முடியாது, வேண்டாம்னா "கடலை வேண்டாம், டவல் வேண்டாம்"னு தொடுறதுக்கு முன்னாடி சொன்னா சிரிச்சுக்கிட்டே எடுத்துட்டுப் போயிடுவாங்க. பாக்கெட்ட பிரிச்சாச்சுன்னா அது நம்மளுது. எங்க சின்னவன் மூணு டவலப் பிரிச்சு மூஞ்சியத் தொடச்சுக்கிட்டான்.

அப்புறம் மெனு. புத்தகம் மாதிரி இருக்கு, படம் எல்லாம் சூப்பரா இருக்கு, ஆனா நண்டு, மீன் பக்கத்துல மட்டும் வெலைக்குப் பதிலா 'சீசனல் ப்ரைஸ்'னு போட்டிருக்கு. அதாவது அன்னன்னிக்கு என்ன வெலையோ அது. கேக்கணும். கேக்கறதுதான் முறை, அங்க சாப்பிட வர்ற சைனீஸ் குடும்பங்களும் கூச்சப்படாம கேக்கும். ஆனா நமக்கு ஒரு வியாதி இருக்கு பாருங்க, அப்பா அம்மாவ வெளிய கூட்டிட்டு வந்து அவங்க முன்னாடி "கிலோ எவ்ளோ"ன்னு கேட்டா கௌரவம் போயிடும்னு. ஊர் மார்க்கெட்ல அம்பது ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுற குடும்பம், ஏசி ரூம்ல கேப்டன் நோட்டுப் புத்தகத்தோட வந்து நின்னதும் எல்லாரும் ஊமை ஆயிட்டோம். அவரு "ஒன் கிராப், டூ கிராப்?"ன்னு கேட்டாரு. ஒம்பது பேருக்கு ஒரு நண்டு எப்டிப் பத்தும்னு நெனச்சு "டூ"ன்னேன். என் மண்டையில இருந்தது நம்ம ஊரு நண்டு, கிலோவுக்கு நாலு அஞ்சு நிக்கிற சைஸு. வந்தது ஒவ்வொண்ணும் 1.3 கிலோ. மீனும் அதே கதைதான், "ஸ்டீம்ட் ஃபிஷ்?"னாரு, "எஸ்"னேன், என்ன மீனு, எத்தன கிராம், 100 கிராம் என்ன வெலை, ஒண்ணும் கேக்கல. இங்க ஒரு விஷயத்த நல்லா மண்டையில ஏத்திக்கோங்க, பெரும்பாலும் நண்டுக்கு கிலோ கணக்குல வெலை சொல்லுவாங்க, மீனுக்கு 100 கிராம் கணக்குல சொல்லுவாங்க. 9 வெள்ளி (சிங்கப்பூர் டாலர இங்க வெள்ளின்னுதான் சொல்லுவோம்) 80 காசுன்னு போட்டிருந்தா பரவால்லயேன்னு தோணும், அது 100 கிராமுக்கு, ஒண்ணேகால் கிலோ மீனுன்னா அந்த நம்பர 12.5ஆல பெருக்கணும்.

ஆர்டர் குடுத்து இருபது நிமிஷம் ஆச்சு, ஒரு தட்டு கோழி வந்துச்சு. அவ்ளோதான். அப்பா கையக் கழுவிட்டு வந்து உக்காந்துட்டாரு, சோறு வரட்டும்னு. அப்புறம் டோஃபு. அப்புறம் கீரை. அப்பா இன்னும் சோத்துக்கு வெயிட்டிங். "என்னடா தம்பி, தொட்டுக்க மட்டும் வந்துக்கிட்டே இருக்கு, சாப்பாடு எங்க?"ன்னாரு. விஷயம் என்னன்னா அந்தக் கடைகள்ல எது அடுப்புல ரெடி ஆகுதோ அது மேசைக்கு வந்துடும், எல்லாம் சேந்து வராது. ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ் எல்லாம் கடைசியா கொண்டு வர்றதுதான் அவங்க விருந்து முறை, வயித்துல மிச்சம் இருக்கற இடத்த நெரப்பறதுக்கு. நமக்கு சோறுதான் நடு, மத்ததெல்லாம் அதச் சுத்தி. அதனால ஆர்டர் பண்ணும்போதே "வெள்ளைச் சோறு மொதல்லயே குடுங்க"ன்னு ஒரு வார்த்த சொல்லிடணும், மாட்டேன்னு சொல்லமாட்டாங்க. நாங்க சொல்லல. ஃப்ரைடு ரைஸ் வர்றப்ப நண்டு முடிஞ்சு போச்சு, மீனு ஆறிப் போச்சு, அப்பா வெறும் ஃப்ரைடு ரைஸ ஸ்பூன்ல சாப்பிட்டாரு.

நண்டு கதைய விட்டுட்டேன். சில்லி கிராப். பேரக் கேட்டதும் அத்தான் "மாப்ள, காரம் தாங்குமா"ன்னு தண்ணி பாட்டில ரெடியா வச்சுக்கிட்டாரு. வந்தது தக்காளி சாஸும் சில்லி சாஸும் கலந்து, முட்டைய ஊத்திக் கலக்கி, இனிப்பும் புளிப்புமா ஒரு கெட்டிக் கொழம்பு. நல்லா இருக்கு, ஆனா காரம்னு எதிர்பாத்து வாயில வச்சா ஏமாத்தம்தான். அம்மா ஒரு வாய் வச்சுட்டு "நண்டுல யாருடா சக்கரையப் போட்டது"ன்னாங்க. இந்த ஐட்டத்த 1950கள்ல கல்லாங் ஆத்தங்கரையில தள்ளுவண்டியில ஆரம்பிச்சது செர் யாம் தியான்னு ஒரு அம்மான்னு இங்க எல்லாரும் சொல்லுவாங்க, வீட்டுக்காரர் "எப்பப் பாத்தாலும் அவிச்ச நண்டுதானா, வேற மாதிரி பண்ணேன்"னு கேட்டதுக்கு மொதல்ல தக்காளி சாஸ் போட்டு வதக்கிப் பாத்து, அப்புறம் சில்லி சாஸ் சேத்தாங்களாம். முட்டை ஊத்துறதெல்லாம் பின்னாடி வந்த சமையக்காரங்க சேத்தது. இந்தக் கதைய நான் சொன்னதும் அம்மா கொஞ்சம் எறங்கி வந்தாங்க, "அதானே, வீட்டுக்காரன் நச்சரிச்சாத்தான் பொம்பள புதுசா ஏதாவது கண்டுபுடிக்கணும்"னு அப்பாவ ஒரு பார்வ பாத்துட்டு. நம்ம நாக்குக்கு சில்லி கிராப்ப விட பிளாக் பெப்பர் கிராப்தான் சரி, மெளகும் வெண்ணெயும் சேந்து கமகமன்னு இருக்கும், அதுல காரமும் உண்டு. ஆனா ஒண்ணு, சில்லி கிராப்போட பொரிச்ச மான்தோ பன்னு வாங்கி அந்தக் கொழம்புல முக்கிச் சாப்பிடணும். பசங்க நண்டத் தொடவே இல்ல, பன்ன முக்கி முக்கியே வயித்த நெரப்பிடுச்சுங்க. வெள்ளச் சட்ட போட்டுட்டுப் போகாதீங்கன்னு தனியா சொல்லணுமா.

அன்னிக்கு நான் ரொம்ப வருத்தப்பட்டது பில்லுக்காக இல்ல, அத்தைக்காக. அத்தை சுத்த சைவம். அவங்களுக்குன்னு கங்குங் கீரையும் டோஃபுவும் சொல்லி வச்சிருந்தேன், கீரைதானே, என்ன வந்துடப் போகுதுன்னு. கீரை தட்டு வந்து எறங்குனதுமே அத்தை மூக்கச் சுருக்கிக்கிட்டு "ஏம்ப்பா, கருவாட்டு வாசம் அடிக்குதே"ன்னாங்க. சம்பல் கங்குங். சம்பல்ல பெலாச்சான் இருக்கும், அது இறால ஊற வச்சு அரைச்சு காய வச்ச விழுது. டோஃபு மேல ஊத்தியிருந்த பழுப்புக் கலர் சாஸு ஆய்ஸ்டர் சாஸ், சிப்பியில செஞ்சது, அதுக்கு மேல பொடிப்பொடியா கறி வேற தூவியிருந்துச்சு. அத்தை ஒண்ணும் சொல்லல, "எனக்குப் பசியே இல்லப்பா, மத்தியானம் சாப்ட்டதே நெஞ்சுலயே நிக்குது"ன்னு டீயவே குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. மூணு மணி நேரம். வீட்டுக்கு வந்து மோர் சாதம் பெசஞ்சு குடுத்தப்ப அவங்க சாப்பிட்ட வேகத்தப் பாத்து எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

பில்லு. நண்டு ரெண்டும் சேத்து 2.6 கிலோ, கிலோ 98 வெள்ளி, அதுவே 254 வெள்ளி 80 காசு. மீனு 107 வெள்ளி 80 காசு. கீரை, கோழி, டோஃபு, சீரியல் இறால், ஃப்ரைடு ரைஸு, பன்னு, டீ, கடலை, டவலு எல்லாம் சேந்து 522 வெள்ளி. சரி பரவால்லன்னு பாத்தா கீழ இன்னும் ரெண்டு வரி இருக்கு. மெனுவோட அடியில வெலைக்குப் பக்கத்துல ரெண்டு ப்ளஸ் குறி போட்டிருப்பாங்க, அதுதான் இது, 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதையும் சேத்து அந்த மொத்தத்து மேல 9 சதவீதம் ஜிஎஸ்டி. பத்தும் ஒம்பதும் பத்தொம்பதுன்னு போட்டா கணக்கு தப்பு, சர்வீஸ் சார்ஜ் மேலயும் வரி விழுறதால கிட்டத்தட்ட 20 சதவீதம் ஆயிடும். மெனுவுல நூறுன்னு பாத்தா மனசுக்குள்ள நூத்தி இருபதுன்னு படிச்சுக்கோங்க, சரியா இருக்கும். 522, 625 வெள்ளி 88 காசா ஆச்சு. அத்தான் மனசுக்குள்ளயே ரூபாய்க்கு மாத்திட்டாரு போல, மொகம் மாறிடுச்சு, கிட்டத்தட்ட நாப்பதாயிரம் ரூபா. யாரும் எதுவும் பேசல. டாக்ஸியில அப்பா மட்டும் "நண்டு நல்ல நண்டுதான்"னாரு, அவ்ளோதான்.

ஆனா கடைக்காரன் மேல எனக்குக் கோவம் வரல, உண்மையாவே. எல்லாம் மெனுவுல எழுதித்தான் இருந்துச்சு, கேக்காதது நான். 2023ல ஒரு ஜப்பான் டூரிஸ்ட் இங்க ஒரு கடையில அலாஸ்கா கிங் கிராப் சாப்பிட்டுட்டு, நண்டுக்கு மட்டும் 938 வெள்ளின்னு பில்லு வந்ததும் போலீஸையே கூப்பிட்ட சம்பவம் உலகம் பூரா நியூஸ்ல வந்துச்சு. அது 3.5 கிலோ நண்டு, 100 கிராம் 26 வெள்ளி 80 காசு, அதுலயும் இதே 100 கிராம் கணக்குதான் கொழப்பம். நியூஸ் வந்தப்ப நான் சிரிச்சேன். அடுத்த வருஷம் நானே.

திங்கக்கிழம ஆபீஸ்ல என் பக்கத்து சீட்ல ஒரு சைனீஸ் அங்கிள், ரிட்டயர் ஆகப் போற வயசு, சீனர்கள்லயே தியோச்சூங்கற பிரிவக் சேந்தவரு, அவர்கிட்ட இதப் பொலம்பினேன். அவரு முழுசா கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. "நீ மீன் தெரிஞ்சவன், ஆனா ஆர்டர் தெரியாதவன்"னாரு. அவரு சொன்னதோட சாராம்சம் இதுதான், அந்த மாதிரி சாப்பாட்டுல அடுப்பு பத்தறதுக்கு முன்னாடி நடக்கற பேச்சுதான் பாதி சாப்பாடு. என்ன நண்டு இருக்கு, இன்னிக்கு என்ன வெலை, எத்தன கிலோ, காட்டு பாக்கலாம், எப்டிச் சமைக்கற, எது மொதல்ல வரும், இது எல்லாத்தையும் அஞ்சு நிமிஷம் பேசாம ஆர்டர் குடுத்தா கடைக்காரனுக்கே நம்ம மேல மரியாதை வராதாம். அடுத்த சனிக்கிழமையே அவரே எங்களக் கூட்டிட்டுப் போறேன்னு நின்னாரு. பெரிய கடைக்கு இல்ல, அவரு வீட்டு புளோக்குக்குக் கீழ இருக்கற காப்பிக்கடை, பேருதான் காப்பிக்கடை, உள்ள பல சாப்பாட்டுக் கடைங்க இருக்கும், அதுல ஒரு சீ சார் கடை. சீ சார்னா வேற ஒண்ணும் இல்ல, ஹொக்கியன்ங்கற சீன பாஷையில சமைக்கறது வதக்கறதுன்னு அர்த்தமாம். ப்ளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேல ஃபேன், சர்வீஸ் சார்ஜ் கெடையாது. அதே நண்டு, அதே மீனு.

நாங்க போனது ஆறு மணிக்கு. அது முக்கியம், ஏழு மணிக்கு மேல வார இறுதியில அந்தக் கடைங்கள்ல நண்டுக்கு ஒரு மணி நேரம் கூட ஆகும், பசங்க பசியில மேசைய சாப்பிட ஆரம்பிச்சிடும். அங்கிள் உக்காரவே இல்ல, நேரா அப்பாவக் கூட்டிக்கிட்டு நண்டு வச்சிருக்கற எடத்துக்குப் போனாரு. அப்பாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான், அங்கிளுக்குத் தமிழ் சுத்தமா தெரியாது, ஆனா நண்டு முன்னாடி ரெண்டு பேரும் பேசிக்கிட்டதப் பாக்கணுமே. அப்பா நண்டத் திருப்பி வயித்து மூடியப் பாத்தாரு, ஒடுங்கி முக்கோணமா இருந்தா ஆணு, அகலமா இருந்தா பொட்டை. அங்கிள் தலையாட்டுனாரு. கொடுக்குக் கறி வேணும்னா ஆணு, உள்ள மஞ்சளா முட்டை வேணும்னா பொட்டை. அப்பா அடுத்து காலோட மேல் பக்கத்த கட்டவெரலால அழுத்திப் பாத்தாரு, அமுங்குனா அது இப்பத்தான் ஓடு கழட்டுனது, உள்ள தண்ணிதான் இருக்கும், கல்லு மாதிரி இருக்கணும். அங்கிளுக்கு ஒரே ஆச்சரியம். இலங்கை நண்டுன்னு கடைக்காரம்மா பெருமையா சொன்னாங்க, இங்க இலங்கை நண்டுக்குத் தனி மவுசு, கொடுக்கு பெருசா இருக்கும். அப்பா என்னப் பாத்து "இது நம்ம முத்துப்பேட்ட அலையாத்திக் காட்டுல கெடக்கற சேத்து நண்டுதானடா, இதுக்குப் போயி பாஸ்போர்ட்டா"ன்னாரு.

தராசுல வைக்கும்போது அங்கிள் ஒரு கேள்வி கேட்டாரு, அதுதான் எனக்கு அன்னிக்குக் கெடச்ச பெரிய பாடம். நண்டோட கொடுக்க கட்டி வச்சிருப்பாங்கல்ல, அந்தக் கயிறு சில எடத்துல தடியா, தண்ணியில ஊறிக் கெடக்கும். "கயித்தோடவா எடை?"ன்னு கேட்டாரு. கடைக்காரம்மா சிரிச்சுக்கிட்டே "மெல்லிசு கயிறுதான், பாத்துக்கோ"ன்னு காட்டுனாங்க. எடை 1.1 கிலோ, கிலோ 78, "ஓகே?"ன்னு எங்க மூஞ்சியப் பாத்துக் கேட்டு, ஓகேன்னதுக்கு அப்புறம்தான் உள்ள எடுத்துட்டுப் போனாங்க. பெரிய கடையிலயும் உயிரோட இருக்கற நண்டக் கொண்டு வந்து காட்டுன்னு சொன்னா காட்டுவாங்க, எடைய சீட்டுல எழுதச் சொல்லலாம், நான் இப்பல்லாம் தராச ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கறேன், ஒருத்தரும் தப்பா நெனச்சதில்ல.

பத்து பேருக்கு ஒரே ஒரு நண்டு. எனக்கு மனசு கேக்கல, ஆனா அங்கிளோட கணக்கு வேற. நண்டு வயித்த நெரப்ப இல்ல, ருசிக்கு. வயித்துக்கு மத்தது. ஆளுக்கு ஒரு ஐட்டம்னு நெனைக்கக் கூடாது, தலைய எண்ணி அதுல ஒண்ணு ரெண்ட கொறச்சா அத்தன ஐட்டம் போதும், அதுவும் நடு சைஸு. அப்புறம் எல்லாமே பொரிச்சதா வாங்கக் கூடாது, ஒண்ணு ஆவியில வெந்தது, ஒண்ணு பொரிச்சது, ஒண்ணு கொழம்போட இருக்கறது, ரெண்டு கீரை. நாங்க மொத தடவ வாங்குனத யோசிச்சுப் பாத்தா பாதிக்கு மேல எண்ணெயிலயும் இனிப்பு சாஸுலயும் மெதந்த ஐட்டம், அதான் எல்லாருக்கும் திகட்டிடுச்சு. இந்தத் தடவ பிளாக் பெப்பர் நண்டு, ஆவியில வெந்த கொடுவா, இறால் விழுதுல ஊற வச்சுப் பொரிச்ச கோழி, இந்தக் கோழிய மட்டும் விட்டுடாதீங்க, லாலான்னு சொல்ற மட்டி, டோஃபு, பூண்டு போட்ட கைலான் கீரை, சக்கரவள்ளிக் கெழங்கு எலை, ஹோர் ஃபன்னு சொல்ற பட்டை அரிசி நூடுல்ஸ் ஒரு தட்டு, பன்னு. வெள்ளச் சோறு மொதல்லயே. அப்பா மொகத்துல வெளிச்சம். என் வீட்டுக்காரி பன்னிக்கறி தொடமாட்டா, அதையும் அங்கிள் மொதல்லயே கேட்டு வச்சுக்கிட்டு, "பன்னிக் கொழுப்பு போடாம சமைக்கணும்"னு சொல்லிட்டாரு. கறி இல்லாத ஹோர் ஃபன்ல கூட அந்தக் கொழுப்புல வதக்கறது உண்டு, வாசத்துக்கு. கேக்காம வாங்குனா கண்டுபுடிக்கவே முடியாது.

மீனுக்கு வருவோம். ஆவியில வேக வைக்கறதுல ரெண்டு மூணு விதம் இருக்கு. ஹாங்காங் ஸ்டைல்னா மீன வெறுமனே வேக வச்சு எடுத்து, மேல இஞ்சி, வெங்காயத் தாள் பரப்பி, காஞ்ச எண்ணெய சுர்ருன்னு ஊத்தி, சோயா சாஸ் சுத்தி விடுவாங்க. தியோச்சூ ஸ்டைல்னா உப்புல ஊறுன கீரை, புளிப்பு பிளம், தக்காளி, டோஃபு எல்லாம் போட்டு வேக வைக்கறது, லேசா புளிப்பா ரசம் மாதிரி ஒரு தண்ணி நிக்கும், சோத்துல ஊத்திச் சாப்பிட நம்ம ஆளுங்களுக்கு இதுதான் செட் ஆகும். மசாலா கெடையாது, அதனால மீனு பழசா இருந்தா மறைக்கறதுக்கு வழியே இல்ல. அப்பா மொதல்ல மொகத்தச் சுளிச்சாரு, மொளகா மஞ்சள் இல்லாத மீனானு. ஒரு வாய் சாப்பிட்டாரு. "கவுச்சியே இல்லையேடா"ன்னாரு. அதுக்கப்புறம் அந்தத் தட்டு அவரு பக்கத்துலேருந்து நகரவே இல்ல, சுத்துற தட்டு இருந்திருந்தா கூட புடிச்சு நிறுத்தியிருப்பாரு. ஒரே ஒரு சண்ட, நடு முள்ளுகிட்ட சதை லேசா செவப்பா, முள்ளோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்பா "வேகல, உள்ள அனுப்பு"ன்னாரு. அங்கிள் "இதுதான் கரெக்ட்டு"ன்னாரு. முள்ளுலேருந்து சதை தானா கழண்டு வந்தா அவங்க கணக்குல அது வெந்து கெட்டுப் போனது. நான் நடுவுல மாட்டிக்கிட்டேன். சின்னப் பசங்க, வயசானவங்க இருந்தா நல்லா வேக வைக்கச் சொல்லிடுங்க, அதுல தப்பே இல்ல, ஆனா அந்த மெத்துமெத்துன்னு இருக்கற சதை போயிடும்.

மேல் பக்கம் முடிஞ்சதும் நான் பழக்கதோஷத்துல மீனத் திருப்பப் போனேன். அங்கிள் பட்டுன்னு என் கையப் புடிச்சுட்டாரு. மீனத் திருப்புனா கடல்ல படகு கவுந்துடும்னு கடக்கரை ஆளுங்க நம்பிக்கை. நடு முள்ள வாலுகிட்டேருந்து தூக்கி அப்டியே எடுத்து ஓரமா வச்சுட்டு, அடியில இருக்கறத சாப்பிடணும், முள்ளு எடுக்க வராட்டி கடைக்காரம்மாகிட்ட சொன்னா ரெண்டு ஸ்பூன வச்சு நொடியில எடுத்துக் குடுத்துடுவாங்க. இத அப்பாகிட்ட தமிழ்ல சொன்னதும் அவரு சிரிக்கல. "படகுக்காரன் பயம் எந்த ஊர்லயும் ஒண்ணுதான்"னு சொல்லிட்டு அங்கிளுக்கு டீ ஊத்துனாரு. அங்கிள் பதிலுக்கு ரெண்டு வெரலால மேசையில டொக் டொக்குனு தட்டுனாரு. அப்பா என்னத் திரும்பிப் பாத்தாரு, இன்னும் ஊத்தச் சொல்றாரோன்னு. அது நன்றி சொல்றது, வாயில சாப்பாடு இருக்கறப்ப பேசாம வெரலாலயே சொல்லிடலாம். அன்னிக்கு ராத்திரி பூரா அத்தான் எல்லாத்துக்கும் மேசையத் தட்டிக்கிட்டே இருந்தாரு.

அத்தை. இந்தத் தடவ நான் உஷாரு. சீ சார் கடையில ஆய்ஸ்டர் சாஸ் வேண்டாம், பெலாச்சான் வேண்டாம், சிக்கன் ஸ்டாக் வேண்டாம், பூண்டு மட்டும் போட்டு கீரை குடுங்கன்னு கேக்கலாம், குடுப்பாங்க. ஆனா அதே சட்டியில கொஞ்ச நேரம் முன்னாடிதான் இறால் பொரண்டிருக்கும், அத்தை மாதிரி ஆளுங்களுக்கு அது ஒத்துக்காது. அங்கிளே சொன்னாரு, சைவம்னா அவங்களுக்கு மனசுல வர்றது புத்த கோயில் சாப்பாடு, அதுல பூண்டு வெங்காயம் கூட கெடையாது, அதச் சமைக்கற கடையே தனி, சீஃபுட் கடையில போய் அத எதிர்பாக்கறது நியாயமில்லன்னு. காப்பிக்கடையோட சௌகரியம் என்னன்னா பக்கத்துலயே ஒரு இந்தியக் கடை இருந்துச்சு, அத்தை ரெண்டு தோசை வாங்கிக்கிட்டு எங்க மேசையிலயே உக்காந்து சாப்பிட்டாங்க, தேங்கா சட்னியோட. அவங்கதான் அன்னிக்கு மொதல்ல சாப்பிட்டு முடிச்சது. வீட்ல சைவம் இருக்கறவங்க பெரிய ரெஸ்டாரண்ட்ட விட இந்த மாதிரி எடத்துக்குப் போறதுதான் புத்தின்னு நான் சொல்லுவேன்.

சின்னச் சின்னதா இன்னும் கொஞ்சம். சோத்துக் கிண்ணத்துல சாப்ஸ்டிக்க நட்டு வைக்காதீங்க, செத்தவங்களுக்கு ஊதுபத்தி வைக்கற மாதிரி அது. பொதுத் தட்டுலேருந்து எடுக்க தனி ஸ்பூன் இல்லாட்டி கேட்டு வாங்கிக்கோங்க, கையால சாப்பிடறதா இருந்தா எச்சக் கையி தட்டுல படாம இருக்க ஒருத்தர் பரிமாறிட்டா நல்லது, அம்மா அந்த வேலைய எடுத்துக்கிட்டாங்க. கையால சாப்பிட்டா யாரும் பாக்கமாட்டாங்க, நண்டு சாப்பிடறப்ப அங்க எல்லாரும் கையிதான். ஓட்ட மேசையில போடாம ஒரு காலித் தட்டு கேட்டு அதுல போடணும். காப்பிக்கடைங்கள்ல 2022 ஜனவரிலேருந்து மேசையில குப்பை, தொடச்சுப் போட்ட டிஷ்யூ, தட்டு எதையும் விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு சட்டத்த அமலுக்குக் கொண்டு வந்துட்டாங்க, மொத தடவ எச்சரிக்கைதான், ரெண்டாவது தடவ 300 வெள்ளி அபராதம், அதுக்கும் மேல போனா கோர்ட்டுதான். டிஷ்யூ பாக்கெட் சொந்தமா எடுத்துட்டுப் போங்க, ஈர டவலுக்குக் காசு குடுத்த குடும்பம் சொல்றேன்.

பில்லு 206 வெள்ளி 80 காசு. பத்து பேரு. நான் பர்ஸ எடுக்கறதுக்குள்ள அங்கிள் பாத்ரூம் போறேன்னு எந்திரிச்சாரு. அப்பாவுக்கு என்ன தோணுச்சோ, "டேய், அந்த ஆளு பாத்ரூம் போகல, ஓடு"ன்னாரு. ஓடிப் போனா நெசமாவே கல்லாப்பெட்டிகிட்ட நின்னுக்கிட்டு காசு எண்ணிக்கிட்டு இருக்காரு. ரெண்டு பேரும் கடைக்காரம்மா முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் மல்லுக்கட்டினோம், கடைசியில அவங்க என் காச எடுத்துக்கிட்டு அவரு காசத் திருப்பிக் குடுத்தாங்க, "அப்பா அம்மா வந்திருக்காங்கல்ல, பையன் குடுக்கட்டும்"னு. அங்கிள் ஒரு வாரம் என்கிட்ட மூஞ்சக் காட்டிக்கிட்டு இருந்தாரு.

மிச்சம் இருந்த மெளகு சாஸ விட மனசு வரல. "தபாவ்"னு சொன்னா டப்பாவுல போட்டுக் குடுத்துடுவாங்க, டப்பாவுக்குக் கொஞ்சம் காசு எடுத்துக்கிட்டாலும் பரவால்ல. மறுநாள் காலையில அம்மா அத சூடு பண்ணி இடியாப்பத்துக்கு ஊத்துனாங்க, அப்பா ஒம்பது இடியாப்பம் சாப்பிட்டாரு, அத்தை அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டாங்க.

அவங்க ஊருக்குப் போயி ரெண்டு வாரம் இருக்கும். ஞாயித்துக்கிழம போன் பண்ணுனேன், அம்மா எடுத்தாங்க. "ஒங்கப்பா பண்ணுன கூத்தக் கேளு. மார்க்கெட்ல முப்பது வருஷமா நண்டு வாங்கற அந்தம்மாகிட்டப் போயி, கயித்த அவுத்துட்டு எடை போடுன்னு நின்னுருக்காரு. அது, அவுத்தா கைய கடிக்கும், நீயே அவுத்துக்கோன்னு கூடையத் தள்ளிடுச்சாம்." பின்னாடி அப்பா குரலு கேட்டுச்சு, "முப்பது கிராமு கொறஞ்சுதுல்ல, அதச் சொல்லு மொதல்ல."